அறிவியல் மேடையும் அன்னைத் தமிழும்

திருக்குறளின் அதிகார வைப்புமுறையை ஊன்றி நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். கல்வி, கல்லாமை ஆகிய இரண்டுக்கும் பின்னர், அறிவுடைமைக்கு முன்னர், ‘கேள்வி’ என்னும் அதிகாரத்தை வள்ளுவர் அமைத்துள்ளார். கற்றவராயினும் கல்லாதவராயினும் அறிவுடைமையை அடைய வேண்டுமாயின் கேள்வி என்னும் வாயிலைக் கடந்தே ஆகவேண்டும் என்பது இவ்வமைப்பால் பெறப்படுகின்றது. தமிழில் கேள்வி என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. செவியால் கேட்டலும் கேள்வி; வாயால் வினவுதலும் கேள்வி. இவ்விரண்டையும் ஒரே சொல்லுக்குள் வைத்திருக்கும் மொழி நம் மொழி.

இச்சொல்லைத் துணையாகக் கொண்டு, சென்னை மாநகரில் நடைபெறும் அறிவியல் பொதுப் பொழிவுகளைப் பற்றிய என் கருத்துகளை இம்மலரின் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன். தமிழாசிரியனுக்கு அறிவியல் மேடையில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். அவ்வினாவுக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அரங்கின் உள்ளும் புறமும்

சில ஆண்டுகளுக்கு முன், நிலவைப் பற்றிய ஆய்வுகள் குறித்துத் தென்சென்னையில் ஓர் அரங்கில் அறிஞர் ஒருவர் பொழிவாற்றுகிறார் என்ற அறிவிப்பை நாளிதழில் கண்டேன். கட்டணம் இல்லை, அனைவரும் வரலாம் என்றிருந்தது. முதுகலைத் தமிழ் மாணவ மாணவியர் எழுவரை அழைத்துக்கொண்டு, கடற்கரை நிலையத்தில் பறக்கும் இரயில் ஏறிச் சென்று சேர்ந்தேன். அரங்கம் அழகியது, குளிரூட்டப்பட்டது. அறிஞரும் ஆழ்ந்த புலமையுடையவர். பொழிவு முழுவதும் ஆங்கிலத்தில் நிகழ்ந்தது. திரையில் தோன்றிய படங்களின் உதவியால் எம்மவர் பாதியைப் புரிந்துகொண்டனர், மீதியை ஊகித்தனர்.

பொழிவு முடிந்ததும் வினாக்களுக்கு நேரம் ஒதுக்கப்பட்டது. முன்வரிசையிலிருந்த மூவர் நல்ல ஆங்கிலத்தில் வினவினர். என்னருகில் அமர்ந்திருந்த மாணவி புளியந்தோப்பிலிருந்து வருபவர். தம் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் பெண். அவர் குறிப்பேட்டில் ஏதோ எழுதுவதும், அடிப்பதும், மீண்டும் எழுதுவதுமாக இருந்தார். எட்டிப் பார்த்தேன். தம் உள்ளத்தில் எழுந்த வினாவை ஆங்கிலமாக்கிக் கொண்டிருந்தார். அவர் ஆக்கி முடிப்பதற்குள் நன்றியுரை தொடங்கிவிட்டது.

வெளியே தேநீர் வழங்கப்பட்டபோது, “தமிழிலேயே கேளம்மா” என்றேன். “தவறாக நினைத்துக்கொள்ள மாட்டார்களா ஐயா?” என்று தயங்கினார். நானே அழைத்துச் சென்று அறிஞர்முன் நிறுத்தினேன். அவர் கேட்டது இதுதான்: “இருபத்தொன்பதாம் நாள் மாலையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்று அனைவரும் பிறை பார்ப்போம். அரபு நாட்டில் அன்றே தெரிந்தது என்பார்கள்; இங்கே தெரிவதில்லை. நிலவு ஒன்றுதானே? பின் ஏன் இப்படி?”

அறிஞர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். மாணவியின் குறிப்பேட்டை வாங்கிப் படம் வரையத் தொடங்கினார். நல்ல தென்பாண்டித் தமிழ் அவர் வாயிலிருந்து வந்தது. அமாவாசை என்பது ஒரு கணம். அக்கணத்திலிருந்து நிலவு சூரியனை விட்டு மணிக்கு ஏறத்தாழ அரைப்பாகை விலகிச் செல்கிறது. போதிய அளவு விலகினால்தான் மெல்லிய கீற்று அந்தி ஒளியை வென்று கண்ணுக்குத் தெரியும். சென்னையில் கதிரவன் மறைந்து இரண்டரை மணி நேரத்துக்கும் மேலான பின்னரே மக்காவில் மறைகிறான். அதற்குள் நிலவு மேலும் ஒரு பாகைக்குமேல் விலகிவிடுகிறது. ஆகவே இங்கே தெரியாத பிறை சில வேளைகளில் அங்கே தெரிய வாய்ப்புண்டு. ஊரின் அமைவிடம், பருவம், வானில் உள்ள மேகமும் தூசியும் ஆகியனவும் இதனை மாற்றும். இவ்வளவையும் பத்து நிமிடங்களில் அவர் விளக்கினார். சுற்றிலும் பதினைந்து பேர் கூடிவிட்டனர். தேநீர் வழங்கிய ஊழியரும் தட்டை ஏந்தியவாறே நின்று கேட்டார்.

இறுதியில் அறிஞர், “இதை உள்ளேயே கேட்டிருக்கலாமே அம்மா!” என்றார். மாணவி ஒன்றும் கூறவில்லை. நானும் கூறவில்லை. உள்ளே கேட்கக்கூடாதென்று யாரும் தடுக்கவில்லை. கேட்கலாம் என்று யாரும் அழைக்கவுமில்லை. அன்றைய பொழிவின் சிறந்த பகுதி அரங்குக்கு வெளியே தமிழில் நிகழ்ந்தது என்பதே என் நெஞ்சில் நின்றது.

இலண்டன் தரும் பாடம்

பொதுமக்களுக்கான அறிவியல் பொழிவு என்றவுடன் அறிஞர் உலகம் முதலில் நினைப்பது இலண்டன் மாநகரின் இராயல் இன்ஸ்டிடியூஷனையே. 1799ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்ட அந்நிறுவனத்தில் ஹம்ப்ரி டேவி ஆற்றிய வேதியியல் பொழிவுகளுக்குத் திரண்ட கூட்டத்தின் வண்டிகளால் அல்பெமார்ல் தெருவே திணறியது என்பர். 1812ஆம் ஆண்டு அவ்வரங்கில் வந்தமர்ந்தவருள் ஓர் இளைஞரும் இருந்தார். அவர் கொல்லர் ஒருவரின் மகன். நூல் கட்டும் தொழிலில் பயிற்சி பெற்றுவந்தவர். பெயர் மைக்கேல் ஃபாரடே. அதற்கு முன்னரே, ஒரு பொழிவுக்கு ஒரு சில்லிங் கட்டணம் செலுத்தி இலண்டனில் வேறோர் இடத்தில் அறிவியல் உரைகளைக் கேட்டுவந்தார். அந்தச் சில்லிங்கைக் கொடுத்து உதவியவர் கொல்லுத் தொழில் புரிந்த அவருடைய தமையனார்.

டேவியின் பொழிவுகளுக்குரிய அனுமதிச் சீட்டு, கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவரின் அன்பளிப்பாகக் கிடைத்தது. கேட்டதையெல்லாம் ஃபாரடே குறிப்பெடுத்தார், தாமே நூலாகக் கட்டினார், டேவிக்கே அனுப்பினார். 1813இல் அந்நிறுவனத்தில் உதவியாளரானார். 1831இல் அவர் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இன்று நம் இல்லங்களில் எரியும் விளக்குகளுக்கு மின்சாரம் தரும் மின்னாக்கிகளின் அடிப்படை. சிறுவர்க்கான கிறிஸ்துமஸ் பொழிவுகள் 1825இல் அங்கே தொடங்கின. 1827க்கும் 1860க்கும் இடையில் பத்தொன்பது முறை அப்பொழிவுகளை நிகழ்த்தியவர் அதே ஃபாரடே. ஒரு மெழுகுவத்தியை ஏற்றிவைத்து அதன் வழியாக வேதியியலைச் சிறுவர்க்கு விளக்கிய அவரது பொழிவு நூலாகி, இன்றளவும் படிக்கப்படுகிறது.

இவ்வரலாற்றைக் கூறுவோர் பலர். ஆயினும் இதில் அடங்கியுள்ள ஒரு செய்தியை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. 1687இல் நியூட்டன் தம் பெருநூலை இலத்தீனில் எழுதினார். 1704இல் ஒளியியல் நூலை ஆங்கிலத்தில் எழுதினார். அறிவியல் இலத்தீனைக் கடந்து மக்கள்மொழிக்கு வந்தபின்னர்த்தான் கொல்லர் மகன் ஃபாரடே அரங்கில் அமர்ந்து கேட்கமுடிந்தது. டேவி இலத்தீனில் பொழிவாற்றியிருப்பாராயின், ஃபாரடே சிறந்த நூல் கட்டுநராகவே வாழ்ந்து மறைந்திருப்பார்! திறந்த கதவு ஒன்று. அறிந்த மொழி மற்றொன்று. இவ்விரண்டும் கூடியபோதே ஒரு மேதை உருவானார்.

கல்கத்தா எடுத்துவைத்த இரண்டு அடிகள்

நம் நாட்டில் இப்பணிக்கு முதல் கால்கோள் செய்த மாநகரம் கல்கத்தா. மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1876ஆம் ஆண்டு இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை அங்கே நிறுவினார். பௌபஜார் தெருவில் அமைந்த அக்கழகத்தின் தலையாய பணிகளுள் ஒன்று பொதுமக்களுக்கான பொழிவுகள். கழகத்தில் ஆய்வுகள் தழைக்கவேண்டும் என்று கனவு கண்ட சர்க்கார் 1904இல் காலமானார். மூன்றாண்டுகள் கழித்து, 1907இல், நிதித்துறை அலுவலராகக் கல்கத்தா வந்த ஒரு தமிழ் இளைஞர் அக்கழகத்தின் கதவைத் தட்டினார். அவரே திருவானைக்காவலில் பிறந்த சர் சி. வி. இராமன். அலுவலகம் செல்லுமுன்னும் திரும்பிய பின்னும் அங்கே ஆய்வு செய்தார். பொதுப் பொழிவுகளும் நிகழ்த்தினார். 1928 பிப்ரவரி 28ஆம் நாள் உலகறிந்த இராமன் விளைவு அங்கேதான் கண்டறியப்பட்டது.

கல்கத்தா இத்துடன் நின்றுவிடவில்லை. ஐன்ஸ்டைனின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் சத்தியேந்திரநாத் போஸ், 1948இல் வங்கிய விஞ்ஞான பரிஷத் என்னும் அமைப்பைத் தோற்றுவித்து, வங்கமொழியில் அறிவியலைப் பரப்ப முற்பட்டார். உலகப் புகழ்பெற்ற இயற்பியலறிஞர் ஒருவர் தாய்மொழியில் அறிவியல் பேசுவதைத் தம் தகுதிக்குக் குறைவாகக் கருதவில்லை என்பதை நாம் நினைவில் இருத்தவேண்டும். சர்க்கார் கதவைத் திறந்தார். போஸ் மொழியைத் திறந்தார். முதல் அடிக்கும் இரண்டாம் அடிக்கும் இடையே எழுபத்திரண்டு ஆண்டுகள் கடந்தன.

சென்னையின் நிலை

சென்னை மாநகரம் இவ்வகையில் வறியது அன்று. 1874 டிசம்பர் 9ஆம் நாள் வெள்ளிக்கோள் சூரியனின் முகத்தைக் கடந்து சென்ற அரிய காட்சி நிகழவிருந்தபோது, சென்னை வானாய்வு நிலையத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரி அதனை மக்களுக்கு விளக்கும் சிறுநூல் ஒன்றை இயற்றினார். ஆங்கிலத்தில் மட்டுமன்றி உருது, கன்னடம் முதலிய மொழிகளிலும் அது வெளியாயிற்று. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே, வானில் நிகழ்வதை மக்கள் தத்தம் மொழியில் அறியவேண்டும் என எண்ணியவர் இந்நகரில் வாழ்ந்தார்.

கோட்டூர்புரத்தில் 1988இல் திறக்கப்பட்ட பிர்லா கோளரங்கம் தமிழிலும் காட்சிகளை நடத்திவந்துள்ளது. 1962இல் நிறுவப்பட்ட கணித அறிவியல் நிறுவனம், 2016ஆம் ஆண்டு மியூசிக் அகாடமி அரங்கில் ‘சயின்ஸ் அட் தி சபா’ என்னும் பெயரில் பொதுப் பொழிவு நிகழ்ச்சியைத் தொடங்கியது. இசை கேட்கும் சபைக்கே அறிவியலைக் கொண்டுசென்ற முயற்சி பாராட்டுக்குரியது. 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் பள்ளிகளிலும் தெருமுனைகளிலும் தமிழிலேயே அறிவியல் பேசிவருகிறது. வழக்கறிஞராய் இருந்துகொண்டே பெ. நா. அப்புசாமி பல்லாண்டுகள் அறிவியலைத் தமிழில் எழுதினார். யுனெஸ்கோ கூரியர் தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராய் விளங்கிய மணவை முஸ்தபா, கலைச்சொல் தொகுப்புகளுக்கே தம் வாழ்நாளின் பெரும்பகுதியை ஈந்தார்.

இவ்வளவு இருந்தும், பெரிய அரங்கு, பெரிய அறிஞர், புதிய ஆய்வு ஆகிய மூன்றும் ஒன்றுசேரும் இடத்தில் தமிழ் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. சிறுவர்க்கும் தெருமுனைக்கும் தமிழ், அறிஞர் அவைக்கு ஆங்கிலம் என்னும் பிரிவினை எவரும் வகுக்காமலே வகுக்கப்பட்டுவிட்டது. இவ்வரங்குகளுட் பல தரமணி, கிண்டி, அடையாறு என மாநகரின் தென்பகுதியில் அமைந்திருப்பதும் எண்ணத்தக்கது. இராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் வாழும் மாணவர்க்குத் தொலைவு ஒரு தடை; மொழி அதனினும் பெரிய தடை. கல்கத்தாவைப்போல் நாமும் முதல் அடியை எடுத்துவைத்துவிட்டோம். இரண்டாம் அடி இன்னும் முழுமையாக எடுத்துவைக்கப்படவில்லை.

மறுப்புகளும் விடைகளும்

அறிவியலைப் பேசத் தமிழில் சொற்கள் இல்லை என்பது முதல் மறுப்பு. அப்பாசியர் காலத்தில் பக்தாது நகரில் கிரேக்க நூல்கள் அரபுமொழியாக்கம் பெற்றபோதும் இதே இடர்ப்பாடு எழுந்திருக்கும். மொழிபெயர்ப்பாளர் சில சொற்களைப் புதிதாக ஆக்கினர். சிலவற்றைக் கிரேக்கத்திலிருந்தே எடுத்துக்கொண்டனர். மெய்யியலைக் குறிக்கும் ‘ஃபல்ஸஃபா’ என்னும் அரபுச்சொல்லே அவ்வாறு வந்ததுதான். அதனால் அரபுமொழி தாழ்ந்துவிடவில்லை. அம்மொழியிலேயே அல்-பத்தானி வானியல் நூல் எழுதினார். பிறை தென்படும் நிலையைக் கணக்கிடும் முறையையும் அதில் ஆராய்ந்தார். பின்னர் அத்தகு நூல்களை ஐரோப்பியர் இலத்தீனில் பெயர்த்துப் பயன்கொண்டனர். எனவே ‘எலக்ட்ரான்’ என்று சொல்லிவிட்டு எஞ்சியதைத் தமிழில் விளக்குவதில் இழுக்கொன்றும் இல்லை. சொல்லைவிடத் தொடரே பொருளைத் தருவது.

கேட்பதற்கு ஆள் வராது என்பது இரண்டாம் மறுப்பு. பட்டிமன்றம் கேட்க நள்ளிரவு வரை அமர்ந்திருக்கும் மக்கள் வாழும் நாடு இது! 1907ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா நகர மண்டபத்தில் செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் நிகழ்த்தியபோது, அவையோர் தொடுத்த வினாக்களே அந்நிகழ்ச்சியின் உயிர். அவையிலிருந்து வினா எழுவதும் மேடையிலிருந்து விடை வருவதும் நம் மரபில் ஊறியவை. குறை கூட்டத்தில் இல்லை, அழைப்பில்தான் உள்ளது.

ஆங்கிலம் இல்லாமல் அறிவியலில் முன்னேற முடியுமா என்பது மூன்றாம் மறுப்பு. இதில் உண்மை உண்டு. ஆய்வு செய்ய விழையும் மாணவர் ஆங்கிலத்தை நன்கு கற்றே ஆகவேண்டும். நான் அதற்கு எதிரியல்லேன். ஆனால் ஆர்வம் பிறக்குமிடம் வேறு. ஆய்வு நிகழுமிடம் வேறு. 2008இல் விண்ணில் ஏவப்பட்ட சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பயின்றவர். முதல் வினாவைத் தாய்மொழியில் வினவ இயலாதவர், இரண்டாம் வினாவுக்கு ஆங்கிலம் கற்க ஏன் முற்படுவார்?

நம் பங்கு

இதுகாறும் அறிவியலாரை நோக்கிக் கூறினேன். இனி என் போன்ற தமிழாசிரியரை நோக்கியும் கூறவேண்டும். நம் துறைகளின் விழாக்களுக்குக் கவிஞரை அழைக்கின்றோம். பட்டிமன்ற நடுவரை அழைக்கின்றோம். ஓர் இயற்பியலறிஞரை எத்தனை முறை அழைத்திருக்கின்றோம்? தமிழ் அறிவியலுக்கு ஏற்ற மொழியென்று மேடைதோறும் முழங்குகின்றோம். ஆனால் அறிவியலார் தமிழில் பேசுதற்கு ஒரு மேடையை நாம் அமைத்துத் தரவில்லை. குற்றத்தில் நமக்கும் பங்குண்டு, எனக்கும் உண்டு.

ஆகவே என் வேண்டுகோள்கள் சில. நம் கல்லூரியில் தமிழ்த்துறையும் அறிவியல் துறைகளும் இணைந்து மாதம் ஒரு பொழிவு நடத்தலாம். நாற்பது நிமிடங்கள் பொழிவு. நாற்பது நிமிடங்கள் வினாவிடை. பொழிவுக்கு ஒரு வாரம் முன்னரே முதுகலைத் தமிழ் மாணவர்கள் பொழிவாளருடன் அமர்ந்து, பேச்சில் வரவிருக்கும் இருபது சொற்களைத் தெரிந்தெடுத்து, எதற்குத் தமிழ்ச்சொல், எதனை அப்படியே வைத்துக்கொள்வது என முடிவுசெய்து, ஒரே தாளில் அச்சிட்டு வழங்கலாம். கலைச்சொல்லாக்கம் என்பது தேர்வுக்குரிய பாடமாக மட்டும் நில்லாமல் பயன்படு தொழிலாக மாறும். வினாக்களைத் தமிழிலோ உருதுவிலோ ஆங்கிலத்திலோ தாளில் எழுதித் தரலாம் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிட வேண்டும். மாலைத் தொழுகைக்கு முன்னரே நிகழ்ச்சியை முடித்துக்கொண்டால் மாணவியரும் தாய்மாரும் தயக்கமின்றி வருவர். ஆண்டின் சில பொழிவுகளை வடசென்னையின் பள்ளிக்கூடங்களிலும் சமுதாயக் கூடங்களிலும் நிகழ்த்தலாம்.

சமுதாயப் பெரியோர்களிடம் நான் வேண்டுவது புதிய கட்டடம் அன்று. ஓர் ஒலிபெருக்கி, தேநீர், தொலைவிலிருந்து வரும் மாணவியர்க்கு ஓர் ஊர்தி ஆகியவையே போதும். அந்தத் தமையனார் தம் தம்பிக்கு அளித்த ஒரு சில்லிங் எவ்வளவு பெரிய அறக்கொடை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். நம் சமுதாயத்தில் தோன்றி நாட்டின் தலைமகனாய் உயர்ந்த அப்துல் கலாம் அவர்கள், 2015 ஜூலை 27ஆம் நாள் ஷில்லாங்கில் மாணவர் அவையில் உரையாற்றிக்கொண்டிருந்தபோதே சாய்ந்தார். இறுதி மூச்சுவரை மேடையில் நின்று மாணவரோடு பேசிய அவர்க்கு நாம் செய்யும் நினைவேந்தல், மாணவர் வினவக்கூடிய ஒரு மேடையாக இருப்பதே பொருத்தம்.

அந்த மாணவியின் குறிப்பேட்டை மறுநாள் வகுப்பில் மீண்டும் பார்த்தேன். ஒரு பக்கத்தில், ஆங்கிலத்தில் எழுதி எழுதி அடிக்கப்பட்ட நான்கு தொடர்கள். எதிர்ப்பக்கத்தில் அறிஞர் வரைந்த கதிரவனும் பூமியும் மெல்லிய பிறையும். அந்த மாலையில் நாங்கள் எழுவரை அழைத்துக்கொண்டு வெளியே வந்ததால் இரண்டாம் பக்கம் கிடைத்தது. அழைத்துச் செல்ல ஆசிரியர் இல்லாமல், அடித்த தொடர்களோடு வீடு திரும்பியவர் எத்தனை பேரோ! அடுத்த பொழிவில் அவ்வினா அரங்குக்குள்ளேயே, ஒலிபெருக்கியின் முன், தமிழில் எழவேண்டும். அதற்கு முதல் இருக்கையைப் போட்டுவைக்க வேண்டியது நம் தமிழ்த்துறையின் கடமை.